நாங்கள் கேட்ட குடும்பக் கூலி

அன்றைக்குக் கிட்டங்கியில் இருந்த எல்லோருக்கும் ஆரோக்கியம் அண்ணன் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். காலைப் பசிக்கு வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து, அதிலும் பாதியைச் சாயங்காலத்துக்கு மிச்சம் வைக்கிற மனிதர் அவர். ஆறு பிள்ளைகள். வேறு எப்படி இருப்பார்?

கடைக்காரச் சீனர் பெரிய தகரக் கெட்டிலில் தேநீரும் ஒரு கூடையில் கிளாசுகளும் கொண்டுவந்து வைத்தார். ஆண்கள் எடை மேடையைச் சுற்றி நின்று ஊதி ஊதிக் குடித்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் தன் பங்கைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சற்று முன்பு கணக்கெழுதும் சவரிமுத்து கிராணி அந்த மேடையில் ஏறி நின்று, முதலாளி தவுக்கே கொடுத்த தாளை வாசித்திருந்தார். இனிமேல் கல்யாணமான ஆண்களுக்கு, பிள்ளைக்கு இவ்வளவு என்று சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும். பிள்ளையின் பிறப்புச் சூராட்டை, அதாவது பதிவுச் சான்றிதழைக் காட்டினால் போதும். நாங்கள் மனுவில் கேட்டிருந்தது அப்படியே கிடைத்துவிட்டது.

மனுவை எழுதியவள் நான். எனக்கு அப்போது இருபது வயது. தலைக்கனம் வயதைவிட அதிகம். யாராவது என்னைப் பாராட்டுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கத்தரிக்கோலைப் பிடித்திருந்தேன்.

என் பக்கத்து மேசையில் காமாட்சி மட்டும் வேலையை நிறுத்தவில்லை. என்ன சத்தம் என்று மலாயில் கேட்டாள். சொன்னேன். நமக்கும் உண்டா என்று கேட்டாள். இது தகப்பன்மார்களுக்கு என்றேன். அவள் “ஓ” என்று சொல்லிவிட்டு அடுத்த ரப்பர் ஷீட்டை எடுத்து விரித்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த “ஓ” அன்றைக்கு எனக்குக் காதில் விழுந்ததே தவிர, உள்ளே போகவில்லை.

புகை வாசம்

அந்தக் கிட்டங்கி மலாக்காவில் காஜா பெராங் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. தோட்டங்களில் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுகள் லாரியில் வரும். இறக்குவது, எடை போடுவது, கடைசியில் கட்டி ஏற்றுவது எல்லாம் ஆண்கள் வேலை. நடுவில் இருப்பது எங்கள் வேலை. கண்ணாடி பதித்த மேசையில் ஷீட்டை விரித்து, கீழிருந்து வரும் வெளிச்சத்தில் அழுக்கும் குமிழியும் பூஞ்சணமும் இருக்கிற இடத்தைப் பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். கட்டைவிரலில் காய்ப்பு விழும். தலைக்குக் குளித்தாலும் முடியில் புகை வாசம் போகாது. மாதா கோயில் பூசைக்குப் போனால் பக்கத்தில் முட்டி போட்டிருக்கிற சீமாட்டிகள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். நான் வேண்டுமென்றே நெருங்கி உட்காருவேன்.

கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் சில வருஷம் படித்தவள் நான். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது, கத்தரிக்கோல் கைக்கு வந்தது. ஆனாலும் தமிழும் இங்கிலீஷும் எழுதத் தெரிந்த கை என்பதால், மனு, கடிதம், விண்ணப்பம் எதுவானாலும் “சிசிலியைக் கூப்பிடு” என்பார்கள். கூப்பிடாவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

காமாட்சி மலாக்கா செட்டி. எங்களைப் போல நேற்று வந்தவர்கள் இல்லை அவர்கள், பல நூறு வருஷத்து ஆட்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பூவும் பொட்டும் வைப்பார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் சாமி பெயரும் சில உறவுப் பெயர்களும்தான் தெரியும். நான் அவளை “காக்” என்பேன், மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி.

ஞாயிறு மதியக் கூட்டம்

மனு பிறந்த இடம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபம். ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு, தமிழ்த் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். பங்குச் சாமியார் தொடக்க ஜெபம் சொல்லிவிட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். அவர் தூங்கியது எங்களுக்கு வசதிதான். அவர் விழித்திருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. முதலில் நம்மைச் சுற்றி நடப்பதைப் பார், பிறகு அது சரியா தப்பா என்று எடைபோடு, பிறகு எதையாவது செய். முதல் இரண்டையும் நாங்கள் பிரமாதமாகச் செய்வோம். மூன்றாவதற்கு வருவதற்குள் சாயங்கால மணி அடித்துவிடும். சினிமா பார்ப்பது பாவமா என்பதிலேயே ஒரு மாதம் போனது. அந்த மாதம் முழுக்க எல்லோரும் சினிமா பார்த்தார்கள்.

பிறகு ஒரு சிறு புத்தகம் வந்தது. பாப்பரசர்கள் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நிருபக் கடிதங்களைச் சுருக்கி யாரோ தமிழில் போட்டிருந்தார்கள். மெல்லிய தாள், மறுபக்கத்து எழுத்தும் தெரியும். நான்தான் வாசிப்பேன். ஒரு ஞாயிறு கூலியைப் பற்றிய பகுதிக்கு வந்தோம். ஒரு தகப்பன் வாங்குகிற கூலி அவன் வயிற்றுக்கு மட்டும் என்று நினைப்பது நியாயம் இல்லை. பெண்சாதி பிள்ளைகளுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும், சிக்கனமாக இருந்தால் பிள்ளைகளின் நாளைக்கென்று கொஞ்சம் மிஞ்சவும் வேண்டும் என்று அதில் இருந்தது.

ஆரோக்கியம் அண்ணன் அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை கேட்டார். பிறகு, இதைச் சொன்னது யார் என்றார்.

“பாப்பரசர், அண்ணே.”

“அவருக்கு எத்தனை புள்ளைங்க?”

எல்லோரும் சிரித்த சிரிப்பில் சாமியார் விழித்துக்கொண்டார். அவரும் சிரித்தார். ஆனால் ஆரோக்கியம் அண்ணன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிள்ளை இல்லாத ஒருவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

அந்தக் காலத்து மனநிலையையும் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று பண்டார் ஹிலிர் திடலில் தலைவர்கள் வந்து அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்று ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவள். மற்ற செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. நாம் எப்படியோ இருந்துவிட்டோம், பிள்ளைகளுக்கு ஒரு நாடு கிடைக்கப்போகிறது என்பார்கள். குடியுரிமைப் பாரங்களை நிரப்பிக் கொடுத்து என் விரல் மையாகிக் கிடந்தது. சூராட் இல்லாதவர்கள் எதிரில் உட்கார்ந்து, எங்கே பிறந்தோம் என்பதற்குச் சாட்சி தேடி விழிப்பதைத் தினமும் பார்த்தேன்.

அந்தச் சூட்டில்தான் குடும்பக் கூலி கேட்டு மனு எழுதினோம். புத்தகத்தில் தகப்பன் என்று இருந்தது, நானும் தகப்பன் என்று எழுதினேன். கூட்டத்தில் இருந்தவர்கள் தமிழர்கள், கத்தோலிக்கர்கள், என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். காமாட்சி இதில் எதுவும் இல்லை. அவளைப் போல விதவைகள் நான்கு பேர் கத்தரிக்கோல் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தவுக்கே ஒரே வாரத்தில் சரி என்று சொல்லிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும். ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

விலை இறங்கியபோது

தேநீர் குடித்த அந்த நாளுக்குப் பிறகு ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் போனது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் மீசை அரும்பிய இளவட்டங்களாக இருந்தார்கள். கிட்டங்கி களைகட்டிவிட்டது என்று பெண்கள் கேலி பேசினோம். ஏன் அப்படி என்று யாரும் யோசிக்கவில்லை.

ரப்பர் விலை இறங்கியது. இரண்டு பேரை நிப்பாட்டச் சொல்லி தவுக்கேயிடமிருந்து உத்தரவு வந்தது. நின்றவர்களில் ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள், இன்னொருவருக்கு ஏழு. கிட்டங்கியில் அதிகப் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள் இருவரும்தான். அடுத்த இடத்தில் இருந்தவர் ஆரோக்கியம் அண்ணன்.

சவரிமுத்து கிராணி கெட்டவர் இல்லை. ஒட்ட வெட்டிய தலை, காதில் பென்சில், வெளுத்த சட்டை. சம்பளம் கூடுதலாக வாங்குகிறவர்களின் பெயரை மேலிருந்து எழுதிக் கொண்டுவா என்று தவுக்கே சொன்னார், அவர் எழுதிக் கொடுத்தார். கூடுதல் சம்பளம் எதனால் வந்தது? நாங்கள் கேட்டு வாங்கிக் கொடுத்ததால் வந்தது. ஒரே மூட்டையைத் தூக்குகிற இரண்டு பேரில் ஒருவனை விலை கூடிய ஆளாக ஆக்கிவிட்டு, தவுக்கே யாரை வைத்துக்கொள்வார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

இதே கிராணிதான் மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் எழுதுகிறவர். பிறப்புப் பதிவு செய்கிற இடத்திலும் அவருடைய மச்சான்தான் உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெபமாலை போன வீடு

சுதந்திரம் வந்த அந்த ஆண்டு அக்டோபர். ஜெபமாலை மாதம். சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வது எங்கள் வழக்கம். முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பவர் கிராணி. அவர் குரல் நன்றாக இருக்கும்.

அன்றைக்குப் போனது ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்கு, அது காமாட்சி வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு மூங்கில் படல்தான். அண்ணனின் மனைவி மதலேன் அக்கா பல மாதமாகக் கண்ணில் படவில்லை. புக்கிட் காதில் என்ற ஊரில் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போனவர், மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த பிறகுதான் திரும்பியிருந்தார். கொஞ்சம் வெளுத்திருந்தார். தங்கையைப் பார்த்துக்கொண்ட அலுப்பு என்று நினைத்தேன்.

ஜெபமாலையின் மூன்றாவது தேவ இரகசியம் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அழுதது. பச்சைக் குழந்தையின் அழுகை. கிராணி ஜெபத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. நான் மதலேன் அக்காவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்திலும் நனைந்து பரவிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். நான் பார்த்ததையும் பார்த்துவிட்டார்.

முடிந்து காப்பி குடிக்கும்போது, செட்டி வீட்டில் யாருக்குக் குழந்தை என்று கிராணி சாதாரணமாகத்தான் கேட்டார். சொந்தக்காரங்க யாரோ வந்திருக்காங்க போல என்றார் ஆரோக்கியம் அண்ணன். காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை கிட்டங்கியில் காமாட்சி தானாகவே வாயைத் திறந்தாள். “புக்கான் சாயா புன்யா” என்றாள். என் பிள்ளை இல்லை. அவள் சொல்லித்தான் முழுக்கதையும் எனக்குத் தெரிந்தது. அது மதலேன் அக்காவின் ஏழாவது பிள்ளை, பெண். புக்கிட் காதிலில் மருத்துவச்சி பார்த்துப் பிறந்தது. வேலையில் தலைகள் எண்ணப்படும்போது தன் பெயர் இன்னும் மேலே போய்விடும் என்று அண்ணனுக்குப் பயம். அதனால் பதியவில்லை. ஞானஸ்நானமும் கொடுக்கவில்லை. பெயரும் இல்லை. கிராணியோ கோயில் ஆட்களோ வருகிற நேரத்தில் படலுக்கு மேலாகக் குழந்தை காமாட்சி கைக்கு வந்துவிடும்.

நாலு வருஷம் முன்பு புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டில் பச்சைக் குழந்தை. தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைப் பற்றிக் கேட்டதற்குக் காமாட்சி தோளைக் குலுக்கினாள். பேசுகிற வாய்க்குச் சாதம் நானா போடுகிறேன் என்றாள். பிறகு ஷீட்டை வெட்டத் தொடங்கினாள்.

மதலேன் அக்கா சொன்னது

அன்று சாயங்காலமே மதலேன் அக்காவிடம் போனேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மெதுவாகத்தான் பேசினார்.

“நீ நல்லதுக்குத்தான் எழுதின, சிசிலி. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எம் புள்ள பொறந்துச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்ல முடியல.”

புது நாட்டில் சூராட் இல்லாத பிள்ளை என்ன ஆகும் என்று மலாக்காவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. இருபது முப்பது வருஷம் கழித்து இந்தப் பெண் யாரோ ஒரு சிசிலியின் எதிரில் உட்கார்ந்து, நான் எங்கே பிறந்தேன் என்பதற்குச் சாட்சி தேடுவாள். பிள்ளைகளின் நாளைக்கென்று நான் எழுதிய மனுவால் ஒரு பிள்ளைக்கு நாளையே இல்லாமல் போகப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அழுகை சுலபத்தில் வராது.

ஒரே பானை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லாமல், நாம் கேட்டது தப்பு, திருத்த வேண்டும் என்றேன். பெரிய சத்தம் ஆகிவிட்டது. இரண்டு மூன்று பிள்ளை உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு சுகமாக வந்துகொண்டிருந்தது. கிடைத்ததையும் விடச் சொல்கிறாயா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காசில்தான் சில வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆரோக்கியம் அண்ணன் மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சாமியார் அன்றைக்குத் தூங்கவில்லை. பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்றுதான் புத்தகம் சொல்கிறது, அதைத் தகப்பன் முதுகில் விலைச்சீட்டாக ஒட்டச் சொல்லவில்லை என்றார். அப்படியானால் எங்கே ஒட்டுவது என்று கேட்டோம். அது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

வழி காட்டியது காமாட்சிதான். மறுநாள் ஷீட்டை விரித்துக்கொண்டே அவளிடம் இதைப் புலம்பினேன். அவள், எங்கள் கோயில் திருவிழாவுக்கு எப்படிச் செய்வோம் தெரியுமா என்றாள். வீட்டுக்கு ஒரே அளவு அரிசி. பத்துப் பேர் இருக்கிற வீடும் அதே அளவு, ஒற்றை ஆள் இருக்கிற வீடும் அதே அளவு. “சத்து பெரியுக்” என்றாள். ஒரே பானை. சாப்பிட வரும்போது எத்தனை வாய் வந்தாலும் அத்தனை இலை. எந்த வீட்டு அரிசி எந்த வாய்க்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாவது மனு அப்படித்தான் பிறந்தது. ஒரே வேலைக்கு ஒரே கூலி. அதற்கு மேல், வேலையில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று தவுக்கே ஒரு பொதுப் பானையில் போட வேண்டும். அந்த ஆள் கல்யாணம் ஆகாதவனாக இருந்தாலும், எட்டுப் பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தாலும், கத்தரிக்கோல் பிடிக்கிற விதவையாக இருந்தாலும் தொகை ஒன்றுதான். பானையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொள்வது எங்கள் பாடு. இளவட்டத்தை வைத்துக்கொண்டாலும் தவுக்கேவுக்கு ஒரு காசு மிச்சம் இல்லை.

எழுதும்முன் இந்தத் தடவை ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டேன். தமிழிலும் கேட்டேன், மலாயிலும் கேட்டேன்.

ஆண்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தவுக்கே வாசித்துப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டதைத்தான் கொடுத்துவிட்டேனே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கத்தரிக்கோல் இல்லாத காலை

அந்த வார நடுவில் ஒரு காலை. மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் வழக்கம்போல வந்தோம், மேசைக்கு முன்னால் நின்றோம், கத்தரிக்கோலைக் கண்ணாடிமேல் வைத்தோம். கையைக் கட்டிக்கொண்டோம். கோஷம் எதுவும் இல்லை. அப்படிச் செய்யலாம் என்று முதலில் சொன்னவள் காமாட்சி.

எங்கள் கை படாமல் ஷீட்டைக் கட்ட முடியாது. கட்டாமல் லாரியில் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டிய சரக்கு அன்றைக்கு நிறைய இருந்தது. முதல் மனுவில் நான் மறந்தே போன மேசைகளில்தான் கிட்டங்கியின் கழுத்து இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கிராணி வந்து பார்த்தார், போய்ச் சொன்னார். தவுக்கே குடையோடு வந்தார். அவர் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த பாபா சீனர். வீட்டில் பேசுவது ஏறக்குறைய காமாட்சி பேசுகிற அதே மலாய். அவளோடு அவர் அன்றைக்குப் பேசியதுபோல எங்கள் யாரோடும் பேசியதில்லை. கோபப்பட்டார், சிரித்தார், மறுபடி கோபப்பட்டார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஒரே பானை என்பதை மட்டும் நாலைந்து தடவை சொன்னாள். அவருக்கும் அது புரியாத சமாசாரம் இல்லை, அவர்கள் வீட்டுப் பெரிய நாட்களிலும் அப்படித்தான் சமைப்பார்களாம்.

மத்தியானத்துக்குள் ஒத்துக்கொண்டார். நாங்கள் கேட்டதைவிடக் குறைத்துத்தான் ஒத்துக்கொண்டார். அதற்காக முணுமுணுத்தவர்கள் உண்டு. நிப்பாட்டப்பட்ட இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். ஒருவர் வந்தார். எட்டுப் பிள்ளைக்காரர் அதற்குள் குடும்பத்தோடு வேறு எங்கோ தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இப்போதும் தெரியும்.

பெயர்ப் பட்டியல்

சனிக்கிழமை, பானையில் பங்குள்ள பிள்ளைகளின் பட்டியலை எடை மேடையில் நின்று நான் வாசித்தேன். காமாட்சியின் இரண்டு பிள்ளைகளில் தொடங்கினேன். ஆரோக்கியம் அண்ணனுக்கு வந்தபோது ஆறு பெயர்களை வாசித்து நிறுத்தினேன். ஏழாவதை நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் அவர்.

கிராணி பக்கத்தில்தான் நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.  

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார்.

கிராணி காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“பேரு?”

“இன்னும் வைக்கல.”

கிராணி பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். “நாளைக்குப் பூசை முடிஞ்சதும் தூக்கிட்டு வா. மதியம் வந்தா சாமி தூங்கிருவாரு. திங்கக்கிழமை மச்சான்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

அந்த ஜெபமாலை நாளிலேயே அவருக்குத் தெரிந்திருந்ததா என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஞாயிறு காலை அவர்களை அழைத்துப்போக வீட்டுக்குப் போனேன். ஆறு பிள்ளைகளும் தலைவாரி, எண்ணெய் வழிய வரிசையாக நின்றார்கள். படலுக்கு அந்தப் பக்கம் காமாட்சி குளித்து, நல்ல துணி உடுத்தி, எங்களோடு மாதா கோயிலுக்கு வரத் தயாராக இருந்தாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தப்போகிற ஞானத்தாய் யார் என்று கேட்டேன். சாமியார் கேட்பாரே, யாரையாவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

மதலேன் அக்கா குழந்தையின் துணியைச் சரிசெய்து, என் கைகளுக்கு நேராக நீட்டினார்.

“ஒளிச்சு வைக்க வச்சவ நீதானே. நீயே தூக்கிட்டுப் போ. இனிமே இவளுக்கு என்ன கொறைன்னாலும் உன்னத்தான் வந்து கேப்பா.”

வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதக் குழந்தைக்குக் கனமாகத்தான் இருந்தாள்.